எடுத்துப் பாட ஆளுண்டா?

ஒரகடம் கூட்டுரோடு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் இங்கேதான் வெட்டிக்கொள்கின்றன. கார், லாரி, புல்லட், டயர் என்று செய்கிற கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பஸ்கள் வரிசைகட்டி வரும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அரக்கோணம் பக்கத்திலிருந்து ஆள் ஏற்றி வரும் இந்த பஸ்களில் என்ன பாட்டு ஓட வேண்டும் என்பதை முடிவுசெய்வது டிரைவரின் பென் டிரைவ். டிரைவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஏறி உட்காரும் டிரெய்னிக்கு இருபதோ இருபத்திரண்டோ. பாட்டு 1982இல் வந்ததாக இருக்கும். பையன் காதில் இயர்போன் மாட்டியிருப்பான். ஆனால் சில பாட்டுகளின் தொடக்க இசை கேட்டதும் ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிவிடுவான். எல்லாப் பாட்டுக்கும் கழற்றமாட்டான். எதற்குக் கழற்றுகிறான், எதற்குக் கழற்றுவதில்லை, ஏன்? இதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்த விஷயத்தை நாம் வேறு விதமாகவே பேசிப் பழகிவிட்டோம். எம்.எஸ்.வி.யா ராஜாவா, ராஜாவா ரஹ்மானா, இப்போது அனிருத்தின் பாட்டு பத்து வருஷம் நிற்குமா நிற்காதா. டீக்கடையில் தொடங்கி முனைவர் பட்ட ஆய்வு வரை இதே பட்டிமன்றம்தான். இதில் பேச்சு முழுக்க பாட்டைச் செய்தவரைப் பற்றியது. அவருடைய ராக ஞானம், வாத்தியச் சேர்க்கை, அவர் கொண்டுவந்த புதுமை. பாட்டு கைமாறிப் போன பிறகு அதற்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. என் கட்சி இதற்கு எதிர்ப்பக்கம். வெளிவந்த ஆண்டில் ஒரு பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் திருப்பிப் பாடினார்கள் என்பதெல்லாம் வியாபாரக் கணக்கு. அது வெளிவந்தபோது பிறந்தே இராத ஒருவர், யாரும் வற்புறுத்தாமல், அதை எடுத்துத் தன் காரியத்துக்குப் பயன்படுத்துகிறாரே, பாட்டின் நிலைபேறு அங்கேதான் தொடங்குகிறது.

இதற்குச் சரியான சோதனை ‘கொலவெறி’. 2011 நவம்பரில் வெளிவந்தது. படமான ‘3’ அடுத்த ஆண்டில்தான் வந்தது. அதற்குள் அந்தப் பாட்டுக்கு வந்த நகல்களுக்கு அளவில்லை. பெண் குரலில், குழந்தைக் குரலில், நையாண்டியாக, கல்லூரி விழாவுக்காக, இன்னும் எத்தனையோ மொழிகளில். அதற்கு முன் எந்தத் தமிழ்ப் பாட்டும் இவ்வளவு குறைந்த நாளில் இவ்வளவு பேர் வாயில் புகுந்ததில்லை. நகல்களின் எண்ணிக்கைதான் ஆயுளைத் தீர்மானிக்கும் என்றால் இன்றைக்கு அதுதான் நம் தேசிய கீதமாக இருந்திருக்கும். பஸ்ஸில் இப்போது அது ஓடினால் ஒரு புன்சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான். அதே 2011இல் யாரும் கூட்டம் போட்டுக் கொண்டாடாத சில மெலடிகளுக்கு அந்த இயர்போன் கழல்கிறது. எல்லாரும் பாடும்போது கூடச் சேர்ந்து பாடுவது ஒன்று. எல்லாரும் விட்டபிறகு எடுத்துப் பாடுவது வேறு.

வாக்கெடுப்புகளும் இப்படித்தான் ஏமாற்றும். 2002இல் பி.பி.சி. உலக சேவை தன் 70ஆம் ஆண்டையொட்டி உலகின் மிகச் சிறந்த பாட்டு எது என்று நேயர்களைக் கேட்டது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா’ 4ஆம் இடம் பிடித்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அடுத்த இடத்தில், 5ஆவதாக, திருமலை சந்திரன் பாடிய ஈழப்பாட்டு இருந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. முதலிடம் அயர்லாந்தின் விடுதலைப் பாட்டுக்கு. இரண்டாவது ‘வந்தே மாதரம்’. மூன்றாவது பாகிஸ்தானின் தேசபக்திப் பாட்டு. எந்தச் சமூகம் ஒன்றுகூடி வாக்களிக்கும் என்பதற்கான பட்டியல் அது. ‘ராக்கம்மா’ நிலைத்தது வேறு காரணங்களால்.

என்ன காரணங்கள்? ஆடி மாதத்தில் வல்லம், மாத்தூர், எழிச்சூர் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவில் மெல்லிசை நடக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் அம்மன் பாட்டு. அதற்குப் பிறகு சீட்டு வர ஆரம்பிக்கும். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பாட்டின் முதல் வரி, கீழே யாருக்காக யார் கேட்கிறார்கள் என்று பெயர்கள். சில சமயம் அதோடு ஒரு ஐம்பது ரூபாய்த் தாள். குழுவில் ‘டி.எம்.எஸ். வாய்ஸ்’ ஒருவர், ‘ஜானகி வாய்ஸ்’ ஒருவர், பேட் வாசிப்பவர், தபலாக்காரர், கீபோர்டில் ஒருவர். பாடுகிறவர் கொஞ்சம் பிசகினால் கூட்டம் மன்னித்துவிடும். சரணத்துக்கு முன் வரும் இசையில் ஒரு துண்டு விட்டுப்போனால் மன்னிக்காது, பின்வரிசையிலிருந்து குரல் வரும். நாற்பது வயலின் வாசித்ததைக் கீபோர்டுக்காரர் பத்து விரலில் கொண்டுவந்தால் “அப்படியே ஒரிஜினல்” என்பார்கள். இந்தத் தொழிலில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

இங்கே ஒரு தேர்வு நடக்கிறது. நாலைந்து பேர் வாசித்தாலும் எழுந்து நிற்கிற பாட்டுதான் மேடையில் பிழைக்கும். மெட்டுக்கு எலும்பு வேண்டும், தொடக்க இசை இரண்டு நொடியில் அடையாளம் காட்ட வேண்டும், சாதாரணத் தொண்டைக்கு எட்ட வேண்டும். 1980களின் பாட்டுகள் இதில் தேறியதற்கு இளையராஜாவின் மேதைமை மட்டும் காரணமில்லை. அவர் வளர்ந்த இடமே மேடைதான். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியப் பெட்டியோடு ஊர் ஊராகப் போனவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்தில்கூட அந்தக் குழு பாடியிருக்கிறது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த சினிமா மெட்டில் கட்சிச் சொற்களைப் போட்டுப் பாடுவது அந்த மேடைகளின் வழக்கம். எந்த மெட்டு கைமாறினாலும் உடையாது என்பதை ‘அன்னக்கிளி’க்கு (1976) வெகுகாலம் முன்பே அவர் கை அறிந்திருந்தது. 2000க்குப் பின் வந்த பல பாட்டுகளில் உயிர் மெட்டில் இல்லை, கணினியில் செதுக்கிய ஒலியில் இருக்கிறது. அதனால் அவை மட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றைக் கீபோர்டுக்காரர் எடுத்து வாசிக்க முடிவதில்லை. ‘மைனஸ் டிராக்’கை ஓடவிட்டு மேலே பாட மட்டும் செய்கிறார்கள்.

நம் சினிமா தானே தன் பழைய பாட்டை எடுத்துப் பாடத் தொடங்கியது 2003 வாக்கில். ‘குறும்பு’ படத்தில் யுவன் தன் அப்பாவின் ‘அடுத்த வாரிசு’ (1983) பாட்டை மறுபடி செய்தார். தமிழ் ரீமிக்ஸ் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதுதான் வழக்கம். அடுத்த ஆண்டு ‘நியூ’வில் ரஹ்மான் செய்தது இதைவிட விநோதம். ‘படகோட்டி’க்கு (1964) வாலி எழுதிய சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி மெட்டை விட்டுவிட்டு, புது மெட்டு போட்டார். 2007இல் ‘போக்கிரி’, ‘பில்லா’, ‘அழகிய தமிழ் மகன்’ என்று வரிசையாக வந்தன. நல்ல ரசிகர்கள் பலர் அப்போது தலையிலடித்துக்கொண்டார்கள், டி.எம்.எஸ். பாட்டில் டிரம்ஸைப் போட்டுக் கொலை செய்துவிட்டார்கள் என்று. பெரும்பாலான ரீமிக்ஸ்கள் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அவை அசலுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ‘சொர்க்கம்’ (1970) படத்துக்கு எம்.எஸ்.வி. இசையில் ஆலங்குடி சோமு எழுதிய ‘பொன்மகள் வந்தாள்’ பாட்டை ‘அழகிய தமிழ் மகன்’ பார்த்துவிட்டுத் தேடிப்போன பிள்ளைகள் அசலுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். ரீமிக்ஸ் இன்று கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது, அசல் ஓடுகிறது.

உலகத்திலும் இப்படிக் கதை உண்டு. லியோனார்ட் கோஹனின் ‘ஹலேலூயா’ 1984இல் வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1991இல் ஜான் கேல் பாடினார், 1994இல் ஜெஃப் பக்லி பாடினார், 2001இல் ‘ஷ்ரெக்’ என்கிற கார்ட்டூன் படத்தில் வந்தது. அதற்குப் பிறகுதான் கல்யாணம், சாவு, பாட்டுப் போட்டி என்று எல்லா இடத்திலும் அது நுழைந்தது. கோஹன் செய்த பாட்டை மற்றவர்கள் பாடிப் பாடித்தான் உலகம் கோஹனையே கண்டுபிடித்தது.

இப்போது நடப்பது ரீமிக்ஸும் இல்லை, மறுபாடலும் இல்லை. பழைய ஒலிப்பதிவையே அப்படியே எடுத்துப் புதுக் காட்சியில் வைக்கிறார்கள். 2023இல் ‘லியோ’ இதைச் செய்தது: தேவா இசையமைத்த ‘ஏழையின் சிரிப்பில்’ (2000) படப் பாட்டு திடீரென்று கல்லூரி விடுதிகளுக்கெல்லாம் போய்விட்டது. அந்தக் காலத்தில் காப்பி அடிக்கிறார் என்று கேலி செய்யப்பட்ட அதே தேவா. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ அதைவிட ஒரு படி மேலே போனது. ‘குணா’வுக்காக (1991) வாலி எழுதி, கமலும் ஜானகியும் பாடிய காதல் பாட்டு, கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மேலே தூக்கும் இடத்தில் வந்ததும் தியேட்டரே கைதட்டியது. காதலனுக்கும் காதலிக்கும் எழுதிய பாட்டு நட்புப் பாட்டாகிவிட்டது. சொல் மாறவில்லை, சுரம் மாறவில்லை, குரலும் அதே குரல். அந்த மலையாள இயக்குநர் செய்ததைத்தான் நான் மிகச் சிறந்த ‘கவர்’ என்பேன், ஒரு சுரம்கூடப் பாடாமல் செய்தது.

அங்கேதான் வழக்கும் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. ஆடியோ உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்கியதாகத் தயாரிப்புத் தரப்பு சொன்னது. 2025இல் ‘குட் பேட் அக்லி’யில் அவருடைய மூன்று பாட்டுகளைப் பயன்படுத்தியதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தேவாவோ, பணம் வேண்டாம், இந்தத் தலைமுறைக்குப் பாட்டு போய்ச் சேர்ந்ததே போதும் என்கிற தோரணையில் மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கினார். உடனே பட்டிமன்றம் கூடியது: தேவா பெருந்தன்மை, ராஜா பேராசை. இந்தத் தீர்ப்பு எனக்கு ஒத்துவரவில்லை.

சட்டத்தின் பழைய கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும். சினிமாவுக்காகக் கூலி வாங்கிக்கொண்டு செய்த பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர்தான் என்ற நிலையை 1977இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மெட்டுப் போட்டவருக்கும் எழுதியவருக்கும் மேற்கொண்டு ஒரு பைசா வர வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் தனியே எழுதிக்கொள்ள வேண்டும். கோடம்பாக்கத்தில் அன்று அப்படி எழுதிக் கேட்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகுதான், ராயல்டி வாங்கும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் நினைத்தாலும் தயாரிப்பாளருக்கோ கம்பெனிக்கோ எழுதிக்கொடுத்துவிட முடியாது என்று ஆனது. நாற்பது வருஷம் கேட்காமல் விட்டதை ஒரு மனிதர் வயதான காலத்தில் கேட்கிறார் என்றால் அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பணம் வேண்டாம் என்பது தேவாவின் சொந்த விருப்பம், மற்றவர்களுக்கு அது விதியாக முடியாது.

ஆனால் 2017இல் நடந்தது வேறு. அமெரிக்காவில் எஸ்.பி.பி.யின் ஐம்பது ஆண்டு இசைப் பயண நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, அனுமதியில்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று ராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. மீதி மேடைகளில் ராஜா பாட்டு இல்லாமலே பாடுவதாக எஸ்.பி.பி. அறிவித்தார். 2019இல் இருவரும் ஒரே மேடையில் மறுபடி சேர்ந்தார்கள், அது நம் எல்லாருடைய பாக்கியம். டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரியில் பங்கு கேட்பதை நான் ஆதரிக்கிறேன். பாடுவதையே நிறுத்துகிற அளவுக்கு அது போவதை ஆதரிக்க முடியாது. ராஜாவே கைமாறிய பாட்டின் ருசி அறிந்தவர்தானே. சிலோன் மனோகர் பாடிப் பிரபலமாக்கிய இலங்கைப் பைலாப் பாட்டான ‘சுராங்கனி’யை 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்கு எடுத்துக்கொண்டவர் அவர். பின்னால் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் 2003இல் அவருடைய ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 2007இல் மாயா என்கிற எம்.ஐ.ஏ. ‘தளபதி’யிலிருந்து எடுத்தார். கடல் தாண்டிப் பாட்டு இப்படி இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கவர் பாட்டைப் பற்றி நம் சட்டம் தனியாகவே பேசுகிறது. 1980களில் இருந்த விதிப்படி, ஒரு பாட்டு ஒருமுறை பதிவாகிவிட்டால் உரிய தொகையைக் கட்டிவிட்டு வேறு குரலில் பதிவுசெய்யலாம். டி-சீரிஸ் கேசட்டில் கிஷோர், ரஃபி பாட்டையெல்லாம் வேறு குரலில் மலிவாக விற்றுப் பெரிதானது இந்த வழியில்தான். பின்னால் சேர்ந்த இரண்டு வருஷக் காத்திருப்பை 2012இல் 31சி பிரிவு ஐந்தாக்கியது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு முன்பணம் கட்ட வேண்டும். மெட்டிலும் சொல்லிலும் அநாவசியமாகக் கை வைக்கக் கூடாது. அட்டையில் இது கவர் என்று போட வேண்டும். ரீமிக்ஸ் இதற்குள் அடங்காது, அதற்குத் தனியே சம்மதம் வேண்டும். இந்த ஐந்து வருஷக் கெடு வியாபாரப் பாதுகாப்புக்காக வந்தது. ஆனால் என் சோதனையின் பாதி இதில் தானாகவே அமைந்துவிட்டது: அலை அடங்கட்டும், பிறகு யார் எடுக்கிறார்கள் பார்ப்போம்.

சட்டத்தால் காப்பாற்ற முடியாத ஒன்று பெயர். நோக்கியா 2006இலிருந்து 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் கோடிக்கணக்கில் போன் செய்து அனுப்பியது. (இந்த மண்ணிலிருந்து கிளம்பி உலகில் அதிகம் ஒலித்த மெட்டு எது என்று கேட்டால், அந்த நோக்கியா ரிங்டோன்தான், அது ஸ்பெயின் நாட்டு கிடார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ தாரேகாவின் மெட்டில் ஒரு துணுக்கு. அவர் பெயர் யாருக்குத் தெரியும்?) அந்த போன்களின் காலத்தில் கூட்டுரோட்டுக் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். ‘எஸ்.பி.பி. சோகம்’, ‘குத்து’, ‘அம்மன்’ என்று ஃபோல்டர் இருக்கும். உள்ளே போனால் ‘டிராக் 07’. எழுதியவர் இல்லை, இசையமைத்தவர் இல்லை, படம்கூட இல்லை. பழைய இசைத்தட்டு உறையில் ஒரு வரியாவது அச்சாகியிருந்த ஆலங்குடி சோமு அந்த ஃபோல்டருக்குள் காணாமல் போனார்.

பெயர் போவதால் வரும் வலி என்ன என்பதை ‘எஞ்சாயி எஞ்சாமி’ காட்டியது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில், சினிமாவைச் சாராமல் வந்த பாட்டு. அறிவு அரக்கோணத்துக்காரர், ஒரகடத்துக்கு ஆள் வரும் அதே ஊர். தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதில் வைத்திருந்தார். அதே ஆண்டு அந்தப் பாட்டையொட்டி வந்த ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் முதலில் அவர் இல்லை. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அவர் இல்லை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று அதன்பின் மூன்று தரப்பும் பொதுவெளியில் பேசின. நான் அந்தப் பங்கு பிரிக்கும் வேலைக்குள் போகவில்லை. நிலமற்றவர்களின் கதையைச் சொன்ன பாட்டிலேயே சொன்னவர் இடம் கேட்க வேண்டிவந்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

ஒரகடம் பக்கத்து லைன் வீடுகளில் பத்துக்குப் பத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களிடம் இதே கதை வேறு மொழியில் உண்டு. 1970களில் பதிவான ‘ரங்கபதி’ என்கிற சம்பல்புரிப் பாட்டு அவர்கள் ஊரில் கல்யாணம் தவறாமல் ஒலிப்பது. 2015இல் கோக் ஸ்டுடியோ அதைப் புதிதாகச் செய்தது, நாடெல்லாம் கேட்டது. எழுதிய மித்ரபானு கவுந்தியாவும் மெட்டமைத்த பிரபுதத்த பிரதானும் தங்களைக் கேட்காமல் செய்ததாக நோட்டீஸ் அனுப்பினார்கள். புதுப் பதிவால்தான் வெளி மாநிலத்தார் அந்தப் பாட்டை அறிந்தார்கள் என்பதும் உண்மை, அந்த இரண்டு பேருக்கும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

இனி வரப்போவது இன்னும் சிக்கல். 2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்துக்காக ரஹ்மான் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அவர் கேட்டுச் செய்தார். கேட்காமல் செய்கிறவர்கள் இணையத்தில் தினமும் பாடவைக்கிறார்கள், எஸ்.பி.பி. பாடாத பாட்டை எஸ்.பி.பி. குரலில், பாட்டு வெளிவந்த மறுநாளே. 31சி பேசுவது மெட்டையும் சொல்லையும் பற்றி. ஒருவரின் தொண்டையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. இடைவெளியும் இல்லை, எடுத்துப் பாடுகிற ஆளும் இல்லை என்பதால் என் கணக்கில் இவை எதுவும் பாட்டின் ஆயுளில் சேராது. ஆனால் ‘டி.எம்.எஸ். வாய்ஸ்’ என்று நாற்பது வருஷமாக மேடையேறிச் சம்பாதித்தவருக்கு இது நேரடிப் போட்டி. அவரைவிட இயந்திரம் டி.எம்.எஸ்.ஸை நன்றாகவே பாடும். ஆடியில் கோயில் கமிட்டி இன்னும் குழுவுக்குத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறது. வல்லத்து அத்தை கேட்ட பாட்டை, யார் கேட்டார், யாருக்காகக் கேட்டார் என்று சீட்டைப் பார்த்து மைக்கில் சொல்லிவிட்டுப் பாட ஒருவர் வேண்டியிருக்கிறது.